கண்மாய்க்கரையில் ஒரு வாரம்: தூண்டில்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வத்திராயிருப்பு வட்டாரக் கண்மாய்களில் ஒரு வாரம் தங்கிக் கெண்டை பிடிக்க விரும்பும் அன்பர்களுக்கு,

விருதுநகர் மாவட்டத்தின் மேற்குக் கோடியில் கெண்டை வளரும் நீர்நிலைகள் பெரும்பாலும் பாசனத்துக்காக உண்டாக்கப்பட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கும் ஓடைகளும் சிற்றாறுகளும் அடிவாரத்தில் கண்மாய்களை நிரப்புகின்றன. மேட்டுக் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்குப் போகும். வத்திராயிருப்புப் பக்கம் பெரியாறும் கோவிலாறும் பிளவக்கல்லில் இரண்டு அணைகளாகத் தடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் நீர் கண்மாய்களுக்குப் பிரிந்தது போக, எஞ்சியது அர்ச்சுனா நதியாகிக் கிழக்கே ஓடி, இருக்கன்குடியில் வைப்பாற்றோடு சேர்கிறது. தெற்கே ராஜபாளையத்துக்கு முடங்கியாறும், தேவதானத்துக்குச் சாஸ்தா கோவில் அணையும் இதே வேலையைச் செய்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர் நகரை ஒட்டிய பெரியகுளம் கண்மாயும் மலைநீரை நம்பியதுதான்.

இந்த நீர் வயலுக்குப் போவதற்காகவே தேங்குகிறது. கெண்டை பிடிக்க வருவோர் தெரிந்துகொள்ள வேண்டிய மற்ற செய்திகள் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன. எந்த மாதம் வரலாம், எவ்வளவு பெரிய மீனை எதிர்பார்க்கலாம், யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், பிடித்த மீன் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை மடையிலும் வயலிலும் இருக்கிறது.

ஐரோப்பாவில் கெண்டைக்காக ஒரு வாரம் ஏரிக்கரையில் கூடாரமடிப்பது பரவலான பொழுதுபோக்கு. இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் பிடித்த சாதாக்கெண்டை 44 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடையிருந்தது. லண்டன் விலங்குக் காட்சிசாலைக்குக் கொடுக்கப்பட்ட அந்த மீன் அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தது. அத்தகைய மீனை உருவாக்குவது பல்லாண்டுகள் வற்றாத நீரும், பிடித்ததை மீண்டும் விட்டுவிடும் வழக்கமும்தான். மானாவாரியை ஒத்த மழை நம்பிக்கையில் இருக்கும் கண்மாயில் இரண்டுமே இல்லை. ஐப்பசியில் வரும் நீர் சித்திரையில் சேறாகிவிடும். இடையில் கிடைக்கும் ஆறேழு மாதங்களே மீனின் ஆயுள். ஆகவே இங்கே ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கட்லா தூண்டிலில் ஏறினால் அது நல்ல மீன். முந்தைய ஆண்டு வற்றாமல் தப்பிய கண்மாயிலோ கோடையிலும் நீர் நிற்கும் பள்ளத்திலோ மட்டும் அதைவிடப் பெரியது கிடைக்கக்கூடும். இருபது கிலோக் கனவோடு வருவோர் ஏமாறுவார்கள். இந்த நீரின் அளவுக்கு ஆசையை அமைத்துக்கொண்டு வருவோருக்குக் கண்மாய் நிறையவே தரும்.

கண்மாயில் உள்ள கெண்டைகள் இரு வகை. முதலாவது மண்ணின் மீன்கள்: சேல்கெண்டை, சிறு கெண்டைகள் ஆகியவை. கெண்டை இனமல்லாத அயிரை, விரால், குரவை, கெளுத்தி, ஆரல், உழுவை போன்றவையும் இவற்றோடு வாழ்கின்றன. புதுவெள்ளம் வரும்போது இந்த மீன்களில் பல நீரோட்டத்தை எதிர்த்து ஓடைகளிலும் வாய்க்கால்களிலும் ஏறி முட்டையிடுகின்றன. மடை திறந்தால் குஞ்சுகள் நீரோடு வயலுக்குள் போகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள் திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் மழை வளத்தைச் சொல்லும்போது, உயர்ந்து வளர்ந்த நெல்லுக்கிடையே கயல் துள்ளுவதைக் குறிப்பிடுகிறார். கண்மாய்ப் பாசனம் உள்ள ஊரில் அது கண்ணால் கண்ட காட்சியாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது வகை, மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விடும் மீன்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை. ஓடும் வெள்ளத்தில் மட்டுமே முட்டையிடும் இவை தேங்கிய நீரில் இனம் பெருக்குவதில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பிச் சாறு ஊசி மூலம் இந்தக் கெண்டைகளை முட்டையிடச் செய்து காட்டினார். கே.எச். அலிகுன்ஹியும் அந்த ஆய்வில் பங்கேற்றவர். அந்த நாளே இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆற்றில் குஞ்சு அரித்து எடுக்க வேண்டிய நிலை அத்துடன் மாறியது. பண்ணையில் குஞ்சு பொரித்து நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்ப முடிந்தது. தென்கோடியில் ஒரு கண்மாயில் கங்கை மீன் கிடைப்பதற்கு அந்த ஊசிதான் காரணம்.

இவற்றோடு வெளிநாட்டு இனங்களும் சேர்ந்தன. சாதாக்கெண்டையின் ஒரு வகை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. வெப்பமான சமவெளிக்கு ஏற்ற வகை 1957இல் பாங்காக்கிலிருந்து வந்தது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் 1959இல் இந்தியாவுக்குள் வந்தவை. ஜிலேபி என்று சந்தையில் விற்கும் திலாப்பியா கெண்டை இனமல்ல. அது 1952இல் வந்தது. இப்போது எந்தக் கண்மாயிலும் தூண்டிலைப் போட்டதும் முதலில் இரையைக் கொத்துவது பெரும்பாலும் இந்த ஜிலேபிதான்.

எந்த மீன் எங்கே மேய்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கட்லாவின் வாய் மேல்நோக்கித் திறப்பது. மேல்மட்ட நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை அது தின்கிறது. ரோகுவின் உதடுகள் கீழ்நோக்கியும் ஓரத்தில் குஞ்சம் வைத்ததுபோலும் இருக்கும்; நடுநீரில் குச்சி, கிளை, கல் ஆகியவற்றில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும். மிர்காலும் சாதாக்கெண்டையும் அடிச்சேற்றைக் கிளறுபவை. சாதாக்கெண்டை கரையோரச் சேற்றைக் குடைந்து நீரைக் கலக்குவதால், மண்கரை பலவீனப்படுகிறது என்ற கவலை பாசனக்காரர்களிடம் உண்டு. அந்தக் கவலை நியாயமானதே. கண்மாயிலேயே முட்டையிட்டுப் பெருகக்கூடியது என்பதால், குத்தகைக்காரர் அனுமதித்தால் இந்த மீனைப் பிடித்து எடுத்துச் செல்வதில் தயங்க வேண்டியதில்லை.

கெண்டைகளுக்கு வயிறு என்ற தனி உறுப்பு இல்லை. தின்றது நேரே குடலுக்குப் போகிறது. தாடையில் பல் இல்லாமல் தொண்டையில் பல் இருக்கும். காற்றுப்பையிலிருந்து உள்காதுவரை சிறு எலும்புகள் தொடராக அமைந்திருப்பதால் அதிர்வு கூர்மையாகக் கேட்கும். கரையில் ஓங்கி நடப்பதும் பாட்டுப்பெட்டி வைப்பதும் மீனை விரட்டுவது இதனால்தான்.

வரவேண்டிய காலத்தை வடகிழக்குப் பருவமழை முடிவு செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகும். குத்தகைக்காரர்கள் குஞ்சு விடுவதும், மறுகால் பாயும் கலுங்கில் மீன் தப்பாமல் வலை கட்டுவதும் அப்போதுதான். நீர் செம்மண் கலங்கலாக இருக்கும். மீன் சிறிதாக இருக்கும். அந்த நாட்களில் தூண்டில் போடுவது வீண் வேலை. கரை உடைப்புக்குப் பயந்து ஊரே விழித்திருக்கும் சமயத்தில் அது இடைஞ்சலும்கூட. மார்கழிக் கடைசியில் கலங்கல் தெளியும். தை பிற்பாதியும் மாசியும் தூண்டிலுக்கு மிகச் சிறந்தவை: குஞ்சு மூன்று, நான்கு மாதம் வளர்ந்திருக்கும், நீர் இன்னும் நிறைய நிற்கும், பகல் வெப்பம் மீனைச் சோர்வடையச் செய்யாது. பங்குனியில் நீர் வடிய வடிய மீன் ஒரே பள்ளத்தில் நெருங்கும். குத்தகைக்காரர் வலை இறக்கும் காலம் அது. அவருடைய ஆண்டு உழைப்பு கைக்கு வரும் அந்த நாட்களில் தூண்டில்காரர் ஒதுங்கி நிற்பது நல்லது.

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கங்களில் கோடையில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் நூற்றுக்கணக்கானோர் ஊத்தா, கச்சா, வலை ஆகிய கருவிகளோடு ஒரே நேரத்தில் சேற்று நீரில் இறங்குவார்கள். அது ஊர்ப் பொதுமையின் விழா. ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும்.

கண்மாய் பார்வைக்கு யாருக்கும் சொந்தமில்லாததுபோல் இருக்கும். உண்மையில் நீருக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், மண்ணுக்கு ஒருவர் என உரிமைகள் அடுக்கடுக்காக உள்ளன. பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. பொதுப்பணித் துறைக் கண்மாய் என்றே ஊரார் இன்னும் அவற்றைச் சொல்கிறார்கள். அதைவிடச் சிறியவை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. மீன் பிடிக்கும் உரிமை மீன்பாசி குத்தகையாக ஏலம் போகிறது. குத்தகை பசலி ஆண்டைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. அது ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். ஏலத் தொகை கட்டி, குஞ்சு வாங்கி விட்டு, இரவில் காவல் வைத்திருக்கும் ஒருவருடைய மீனைக் கேட்காமல் பிடிப்பதற்கு விளையாட்டு என்று பெயர் சூட்ட முடியாது. மழை பொய்த்தால் அவர் போட்ட முதல் முழுவதும் போய்விடும் என்பதையும் நினைக்க வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியவர் குத்தகைக்காரர். கண்மாய்க்கரையில் உள்ள தேநீர்க் கடையில் விசாரித்தால் அவர் யார் என்று தெரிந்துவிடும். எத்தனை தூண்டில், எத்தனை நாள், எந்தப் பகுதி, பிடித்த மீனுக்கு எடைக்கணக்கில் பணமா அல்லது நாளுக்கு இவ்வளவு என்று ஒரே தொகையா என்பதை முன்கூட்டியே பேசி முடிப்பது இரு தரப்புக்கும் நல்லது. வங்காளத்தில் குளத்துக்குச் சீட்டு வாங்கித் தூண்டில் போடுவது நெடுநாள் வழக்கம். ரோகுவுக்கும் கட்லாவுக்கும் தனித்தனி மசாலா இரை தயாரிக்கும் கலையே அங்கே வளர்ந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டக் குத்தகைக்காரர்களும் தை, மாசியில் இப்படிச் சீட்டு கொடுத்தால், வலை இறக்குவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு வருமானம் கிடைக்கும். தூண்டில்காரர் கூட்டமாகக் கேட்டால் இது நடக்கக்கூடியதே.

குத்தகைக்காரருக்கு அடுத்து மடையைக் கவனிக்கும் நீர்பாய்ச்சியிடம் சொல்ல வேண்டும். எந்த மடை எப்போது திறக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும். திறந்த மடையின் இழுப்பில் தூண்டில் போடுவதும் மடைத்தூணில் ஏறி உட்காருவதும் கூடாது. குளிக்கும் துறை, துணி துவைக்கும் இடம், மாடு இறங்கும் தடம் ஆகியவற்றிலிருந்து தள்ளியே இருக்க வேண்டும். பெண்கள் வரும் துறைப்பக்கம் காலையிலும் மாலையிலும் அந்நியர் நிற்பதை எந்த ஊரும் விரும்பாது.

சில நீர்நிலைகளில் தூண்டிலை எடுக்கவே கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரின் திருமுக்குளம் போன்ற கோவில் குளங்கள் அவ்வகை. ராஜபாளையத்தின் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நகருக்குக் குடிநீர் தருவது. மலையடிவாரத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்; அதற்கு முன் 1988 முதல் அதன் ஒரு பகுதி சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக இருந்தது. காப்பகத்துக்குள் ஓடும் ஓடையில் மீன் பிடிப்பது வன உயிரினச் சட்டப்படி குற்றம். 2025இல், பிளவக்கல்லுக்கு அருகிலுள்ள கூமாபட்டி என்ற ஊரின் பெயர் சமூக வலைத்தளங்களில் பரவியபோது வெளியூர்க்காரர்கள் அந்த அணையை நோக்கி வந்தார்கள். படத்தில் பார்த்த நீரில் இறங்கலாம் என்றுதான் பலர் நினைத்து வந்தார்கள். அணை நீர்வளத் துறையுடையது, சுற்றியிருப்பது யானை நடமாடும் காடு. அங்கே மீன் பிடிக்க நினைப்போர் அதிகாரிகளின் அனுமதியைப் பெறாமல் போகக் கூடாது.

ஒரு வாரம் என்பது கெண்டைக்குச் சரியான கால அளவு. முதல் நாள் தூண்டிலை வெளியே எடுக்காமல் கரையைச் சுற்றி வருவதில் கழிய வேண்டும். பல கண்மாய்களின் உள்வாயில் சமூகக் காடாக நடப்பட்ட நாட்டுக்கருவேல மரங்கள் நீருக்குள் நிற்கின்றன. ரோகு அங்கே பாசி சுரண்ட வரும்; தூண்டில் நரம்பு மரமுள்ளில் சிக்குவதும் அங்கேதான். மரக்கூட்டத்தின் விளிம்பும் அதற்கு வெளியே உள்ள வெட்டவெளியும் சேரும் இடமே தக்க இடம். அடியிலிருந்து சிறு குமிழிகள் வரிசையாகக் கிளம்பி நகர்ந்தால் அங்கே சேற்றைக் கிளறும் மீன் மேய்கிறது. இந்தச் சுற்றில் பள்ளங்களையும் அடையாளம் காண வேண்டும். கோடையில் வண்டல் எடுத்த குழிகள் நீர் நிறைந்ததும் கண்ணுக்குத் தெரியாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழம் இருக்கலாம். நீச்சல் தெரிந்தவர்களையும் சேறு இழுத்துவிடும். எனவே சிக்கிய தூண்டில் முள்ளை எடுக்க எவரும் நீரில் இறங்க வேண்டாம். நரம்பை அறுத்துவிடுவதே மேல்.

தேர்ந்த இடத்தில் அன்று மாலையும் அடுத்த நாளும் சிறிதளவு இரை தூவி வந்தால் மீன் அந்த இடத்துக்குப் பழகும். ஊறவைத்த கடலைப் புண்ணாக்கும் தவிடும் கலந்து உருண்டை பிடித்துப் போடுவதே இந்தப் பகுதிக்குப் போதும். அளவு மிஞ்சினால் அது அழுகி நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும். கையளவு உருண்டைகள் சில என்பது சரியான கணக்கு.

மூன்றாம் நாளிலிருந்து தூண்டில். அடியில் மேயும் மிர்காலுக்கும் சாதாக்கெண்டைக்கும் மண்புழு, கேப்பைக் களி, கோதுமை மாவு உருண்டை ஆகியவை பொருந்தும். ரோகுவுக்குப் புண்ணாக்கு கலந்த மாவைத் தக்கை கட்டி நடுநீரில் நிறுத்த வேண்டும். கட்லாவுக்கு எளிதில் கரையும் பொடி உருண்டையைச் சுற்றி இரண்டு மூன்று சிறு முள்களை வைத்து மேல்மட்டத்தில் தொங்கவிடுவார்கள். கரையும் தூளை உறிஞ்சும்போது முள்ளும் வாய்க்குள் போகும். ஜிலேபித் தொல்லை தாங்காதபோது மென்மையான மாவை விட்டுவிட்டு அவித்த கொண்டைக்கடலைக்கு மாறலாம். சிறுமீன்களால் அதை எளிதில் பிய்க்க முடியாது. கடலையை நன்றாக ஊறவைத்து அவித்தே போட வேண்டும். உலர்ந்த தானியம் மீனின் குடலுக்குள் ஊதிப்பெருத்து அதைக் கொன்றுவிடக்கூடும்.

இங்கிலாந்தில் 1970களின் இறுதியில் லென் மிடில்டனும் கெவின் மடோக்ஸும் உருவாக்கிய ஒரு முறை கண்மாய்க்கும் உதவும். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்து, சந்தேகம் வந்தால் துப்பிவிடும். இரையை முள்ளில் குத்தாமல் முள்ளுக்குக் கீழே ஒரு மெல்லிய இழையில் தொங்கவிட்டால், உறிஞ்சும்போது அது தடையின்றி உள்ளே போகும். துப்பும்போது வெறும் முள் உதட்டில் தைக்கும். தொண்டையில் குத்தாமல் உதட்டில் குத்துவதால் மீனுக்குக் காயமும் குறைவு. ஐந்தாறு கிலோ தாங்கும் தங்கூசி நரம்பும் எதிர்ச்செதில் நசுக்கிய முள்ளும் இந்த மீன்களுக்குப் போதுமானவை.

பாசி அடர்ந்து நீர் பச்சையாக உள்ள கண்மாயில் விடியலுக்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகக் குறைந்துவிடும். இரவெல்லாம் பாசியும் மூச்சு விடுவதே காரணம். அந்த நேரத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், இரை எடுக்காது. வெயில் ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகு அது மேயத் தொடங்கும். தெளிந்த நீரில் அதிகாலையும் அந்தி நேரமும் நன்றாக இருக்கும். கரையில் இரவு தங்குவதைத் தவிர்ப்பது நல்லது: பாம்பு, கொசு, காவற்காரரின் சந்தேகம் மூன்றும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் விடுதிகள் உள்ளன. ஆடிப்பூரத் தேரின்போதும், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாளைக் காண மக்கள் திரளும் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் மட்டும் அறை கிடைப்பது கடினம். தை, மாசியில் அந்தச் சிரமம் இல்லை.

பிடித்ததில் எதை விடுவது, எதை வைத்துக்கொள்வது என்பதில் ஐரோப்பிய வழக்கத்தை அப்படியே பின்பற்ற முடியாது. குத்தகைக்காரர் விட்ட கட்லா, ரோகு, மிர்காலை அவர் சொன்ன ஏற்பாட்டின்படி எடைபோட்டு எடுத்துக்கொள்வதோ உயிரோடு திருப்பி விடுவதோ சரி. ஜிலேபியை எத்தனை வேண்டுமானாலும் அவர் அனுமதியோடு எடுக்கலாம். சேல்கெண்டை முதலிய மண்ணின் மீன்களைக் கட்டாயம் திருப்பி விட வேண்டும். அவற்றுக்குப் பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி விடுவோர் யாருமில்லை. எஞ்சியவை முட்டையிட்டால்தான் அடுத்த ஆண்டு உண்டு. விடும் மீனைக் காய்ந்த கையால் தொட்டால் அதன் மேல் உள்ள வழவழப்புப் படலம் போய் நோய் பற்றும். கையை நனைத்துக்கொண்டு, சுடுமண்ணில் போடாமல், ஈரச் சாக்கின் மேல் வைத்து முள்ளைக் கழற்றி, தலை நீருக்குள் இருக்குமாறு சற்று நேரம் தாங்கிப் பிடித்தால் அது தானே நீந்திப் போகும்.

ஒரு கண்மாயின் மீனையோ நீரையோ இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. மீன் பேன் முதலிய ஒட்டுண்ணிகள் அப்படித்தான் பரவுகின்றன. தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி தூண்டிலில் வந்தால் அதைத் திரும்ப விடாமல் குத்தகைக்காரரிடம் காட்ட வேண்டும். வெடி போட்டும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது.

அறுந்த நரம்பைக் கரையில் விடுவது தூண்டில்காரர் செய்யும் மிகப் பெரிய தீங்கு. கருவேல மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அடைகின்றன. காலில் சுற்றிய நரம்போடு ஒரு நாரை பட்டினியால் சாக நாட்கள் பிடிக்கும். உடைந்த மதுப்பாட்டில்களும் அப்படியே. அந்தச் சேற்றில்தான் வைகாசியில் வெறுங்காலோடு மக்கள் மீன் அள்ள இறங்குவார்கள்.

கண்மாய் மீனைச் சமைப்பதில் ஒரே சிக்கல் சேற்று வாடை. உயிரோடு இருக்கும் மீனை ஒரு நாள் நல்ல தண்ணீரில் விட்டுவைத்தால் அது குறையும். அறுத்த பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, மோரிலோ புளித்தண்ணீரிலோ ஊறவைத்து அலசுவது இப்பகுதி வீடுகளின் முறை. கட்லாவின் தலையைக் குழம்புக்குப் போடுவதும், சதைக்குள் கவைமுள் நிறைந்த சிறு கெண்டையை நெருக்கமாகக் கீறி முறுகப் பொரிப்பதும் சிறப்பு; கீறினால் முள்ளும் மொறுமொறுப்பாகிவிடும்.

கடைசி நாளில் குத்தகைக்காரரைப் பார்த்து எடைக்கணக்கைத் தீர்த்துக்கொண்டு, எந்த இடத்தில் எந்த மீன் எந்த அளவில் வந்தது என்ற விவரத்தையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். வலை இறக்கும் நாளை முடிவு செய்ய அந்தத் தகவல் அவருக்குப் பயன்படும். ஜூலையில் புதுக்குத்தகை தொடங்கும்போது கண்மாய் வேறு கைக்குப் போயிருக்கலாம். மறு ஆண்டும் வர நினைப்போர் கார்த்திகை மழை நின்றதும் புதிதாக விசாரித்து, கண்மாய் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகே பயணச்சீட்டு எடுக்க வேண்டும்.